பிரேக் சாருக்கு வாய்த்த நான்கு நாய்கள்

எங்கள் குடியிருப்பில் அவரை எல்லோரும் பிரேக் சார் என்றுதான் சொல்வோம். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத் தருபவர். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து மிதித்து, அவருடைய வலது கால் சும்மா இருப்பதையே மறந்துவிட்டது. பஸ்ஸில் போனாலும் மிதிக்கும். வீட்டு நாற்காலியில் சாய்ந்து டிவி பார்க்கும்போது திரையில் ஒரு கார் வேகமாக வந்தாலும் மிதிக்கும்.

"கல்யாண மேடையிலயே மிதிச்சார். நான்தான் கவனிக்கல" என்பார் அவர் மனைவி.

இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கும் அந்த அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர்களுக்கு ஒரே மகள், பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புகளை எட்டியிருந்தாள். மூன்றாவது மாடியில் அவர்கள் வீடு. அதற்கு மேல் மொட்டை மாடியில் ஒற்றை அறை, அதில் வாடகைக்கு நான்.

பிரேக் சார் பார்த்துக்கொண்ட நான்கு தெரு நாய்களுக்கு வைத்திருந்த பெயர்களே அவர் தொழிலைச் சொல்லிவிடும். இலை அசைந்தால்கூடக் குரைக்கும் கறுப்புப் பெட்டை ஹாரன். ஸ்கூட்டரைக் கண்டால் பறந்து போய் விரட்டும் செவலை டாப்கியர். யாராவது நேருக்கு நேர் வந்தால் பின்னாலேயே நகர்ந்து போகும் பயந்தாங்கொள்ளி ரிவர்ஸ். நான்காவது, வெயில் எங்கே விழுகிறதோ அங்கே தானும் விழுந்து கிடக்கும். அது நியூட்ரல்.

நான் வளர்ந்த ஊரில் நாய்க்கென்று யாரும் பாடம் நடத்துவதில்லை. "ச்சூ" என்றால் வரும், "ஏய்" என்றால் போகும், இரண்டுக்கும் கேட்காவிட்டால் கல். டிகிரி வாங்கிக்கொண்டு, வேலையும் வாங்கிக்கொண்டு இங்கே வந்த பிறகுதான், ஒரு தெரு நாயை உட்கார வைப்பதற்காக ஒரு மனிதர் அதன் எதிரில் காலை முழுக்கக் குந்தியிருப்பதைப் பார்த்தேன். கையில் ரொட்டித் துண்டு, வாயில் ஒரே சொல். அடி கிடையாது, அதட்டல் கிடையாது. க்ளட்சை விடத் தெரியாதவர்களிடம் காட்டும் அதே பொறுமை. "ரெண்டுக்கும் ஒரே வித்தியாசம்தான். நாய் என்மேல தப்பு சொல்லாது" என்பார்.

இதற்கெல்லாம் தொடக்கம் நான் குடிவருவதற்கு முன்பே நடந்த ஒரு குடியிருப்போர் சங்கக் கூட்டம். நாய்களைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் பேசியிருக்கிறார்கள். அதிலும் உரத்த குரல் கீழ்வீட்டு சிஸ்டருடையது. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நாய்க்கடி வார்டில் வருடக்கணக்காக ஊசி போட்டவர். பிரேக் சார் ஒருவர் மட்டும் எழுந்து நின்று, "கருத்தடை ஆபரேஷன் நான் பண்ண வைக்கறேன். ஊசி நான் போட வைக்கறேன். யாரையும் துரத்தாம இருக்கவும் நானே பழக்கறேன். நான் பொறுப்பு" என்று சொல்லியிருக்கிறார்.

செயலாளர் சிரித்துக்கொண்டே, "சரி சார். நீங்க இருக்கற வரைக்கும் நாயும் இருக்கட்டும்" என்றாராம். எல்லோரும் கை தட்டினார்களாம். இவரும் தட்டியிருக்கிறார்.

சொன்னபடி செய்தார். நான்குக்கும் ஆபரேஷன் முடிந்து, அடையாளத்துக்குக் காது நுனி வெட்டப்பட்டுத் திரும்பி வந்தன. வருடா வருடம் ஊசி. அவர் உள்ளங்கையை நீட்டினால் டாப்கியர் பாதி ஓட்டத்தில் நின்று உட்காரும். பார்க்கவே பெருமையாக இருக்கும்.

ஆனால் அவர் சொன்ன பொறுப்பு, நாளாக ஆக அவர் கழுத்தில் மாட்டிய பட்டையாகிவிட்டது. நாலுவழிச் சந்திப்பில், ஸ்டியரிங்கைக் குரல்வளையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு ஒரு புது ஆள் திணறிக்கொண்டிருக்கும்போது போன் வரும்.

"சார், உங்க நாய் என் பைக் சீட்டுல படுத்திருக்கு."

"சார், உங்க நாய் எங்க வீட்டு மிதியடியைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. ஒத்தை மிதியடி. அதைக்கூட முழுசா செய்ய மாட்டேங்குது."

நான்கும் தெருவில் பிறந்தவைதான். தப்பு செய்யும்போது மட்டும் அவர் பெற்ற பிள்ளைகள். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் சாப்பிட்ட கை காய்வதற்குள் கிளம்பிவிடுவார். மாமியார் வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. "நம்ம மாப்பிள்ளை வந்தா செருப்பைக்கூட முழுசா கழட்டமாட்டார்" என்று அங்கே பேச்சு.

அந்த வருடம் அக்காவுக்கு, வருமா வராதா என்று காத்திருந்த பதவி உயர்வு வந்தது. கூடவே வேறு ஊருக்கு மாறுதலும். நல்ல ஊர், மகளுக்கு நல்ல பள்ளிக்கூடம். மூவரும் வீடு பார்க்கப் போய், அங்கேயே ஒரு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பினார்கள்.

திரும்பியபோது கேட்டருகில் செயலாளர் நின்றிருந்தார். முந்தின நாள் பார்சல் கொண்டுவந்த பையனின் ஸ்கூட்டரை டாப்கியர் விரட்டியிருக்கிறது. கடிக்கவில்லை. ஆனால் அவன் பயத்தில் சறுக்கி விழுந்து முழங்கைத் தோல் உரிந்துவிட்டது. காவலாளி, நான், இன்னும் இரண்டு பேர், எல்லோரும் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தோம். நாங்கள் ஏதோ பஸ்ஸை நிறுத்துகிறோம் என்று நினைத்ததோ என்னவோ, டாப்கியர் எங்களைத் தாண்டியே ஓடியது.

"ஒரு நாள் நீங்க இல்ல, அதுக்கே இந்தக் கூத்து" என்றார் செயலாளர். கோபமாகக்கூட இல்லை. "நீங்க வீடு காலி பண்ற அன்னைக்கு நாய் வண்டியை வரச் சொல்லிடறேன் சார். ஊருக்கு வெளியே எங்கயாவது கொண்டுபோய் விடுவாங்க. நீங்க இருக்கற வரைக்கும்னுதானே அன்னைக்குப் பேச்சு?"

பிரேக் சாரின் கால் தரையை மிதித்தது. அங்கே பிரேக் இல்லை.

அன்று மாலை மாடிப்படியில் ஏறும்போது அவர்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அக்காவின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஒரு மாசம் டைம் குடு."

"யாருக்கு? நாய்க்கா, எனக்கா?"

"மத்தவங்க சொன்னாலும் கேக்கற மாதிரி பழக்கிட்டு வந்துடறேன். இப்படியே விட்டுட்டு வந்தா நாலும் போயிடும். தெரியாத இடத்துல விட்டா, அங்க இருக்கற நாய்ங்களே கடிச்சுக் கொன்னுடும்."

"ஸ்கூல் திறந்துடும். நாங்க போறோம். நீங்க உங்க குடும்பத்தைப் பார்த்துட்டு வாங்க" என்றார் அக்கா.

மறுநாளே பிரேக் சார் வேலையைத் தொடங்கினார். காவலாளி கையில் ரொட்டியைக் கொடுத்து, "உட்கார் சொல்லுங்க" என்றார். காவலாளி சொன்னார். நான்கும் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தன. இவர் தள்ளிப் போய் நின்றார். நான்கும் தள்ளிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தன. மோட்டார் ரூமில் ஒளிந்தார். ரிவர்ஸ் எப்படியோ மோப்பம் பிடித்துப் போய், வாசலில் முதுகைக் காட்டிக் காவலுக்கு நின்றது. மொட்டை மாடியில் என் அறையில் பதுங்கினார். ஹாரன் அத்தனை மாடியும் ஏறி வந்து, யாரோ செத்துப்போனது போல ஊளையிட்டது.

அந்த வளாகத்தில் நாய்கள் கிட்டே போகாத ஒரே வாசல் சிஸ்டருடையது. காலையும் மாலையும் ஃபினாயில் ஊற்றிக் கழுவுவார். அந்த நெடிக்கு நாய் என்ன, நானே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடப்பேன்.

"சிஸ்டர், காலையில கொஞ்ச நேரம் உங்க சமையலறையில நின்னுக்கலாமா?"

"எதுக்கு? வெங்காயம் நறுக்கவா?"

"நாய்ங்க கண்ணுல படாம ஒளிஞ்சிக்கணும்."

சிஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இத்தனை வருஷமா நான் ஒளிஞ்சேன். இப்ப உங்க முறையா தம்பி? வாங்க, வாங்க. செருப்பை வெளிய விடாதீங்க. மோப்பம் பிடிச்சு வந்துடும். கையில எடுத்துக்கோங்க."

அப்படித்தான் பிரேக் சார், தன் செருப்பைப் பாலித்தீன் பையில் கட்டி இடுக்கிக்கொண்டு, நாய்களின் முதல் எதிரியின் சமையலறையில் தினமும் காலையில் அடைபட்டுக் கிடந்தார். ஜன்னல் கம்பி வழியாக வாசல் தெரியும். வெளியே காவலாளியும் நானும் மாறி மாறித் தோற்போம். உள்ளே அவர் வெங்காயம் நறுக்குவார். ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் கால் தானாக மிதிக்கும்.

"தம்பி, டைல்ஸ் உடைஞ்சா நீங்கதான் மாத்தித் தரணும்."

ஒருநாள் காவலாளி ஓடிவந்து ஜன்னலில் குனிந்து, "சார், ஒண்ணு உட்கார்ந்துடுச்சு!" என்றார்.

"எது?"

"நியூட்ரல்."

"அது நேத்துல இருந்து உட்கார்ந்திருக்குய்யா."

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தப்பு என்னுதுதான் சிஸ்டர். ஆரம்பத்துல இருந்து என் கையாலயே ஊட்டினேன். பிரியத்துல செஞ்சது. அதுங்க கத்துக்கிட்டது உட்காரவும் இல்ல, நிக்கவும் இல்ல. என் கையை, என் வாசனையை, என் மூஞ்சியைத்தான் கத்துக்கிச்சு. நான் இல்லன்னா அதுங்களுக்குப் பாடமே இல்ல."

"அப்ப ஒழுங்கா இருந்தது நாய் இல்ல, நீங்கதான்" என்றார் சிஸ்டர்.

அவர் மறுபடி கத்தியை எடுத்து வெங்காயத்தை நறுக்கினார்.

அக்காவும் மகளும் கிளம்பிப் போனார்கள். சாமான்களில் பெரும்பாலானவை லாரியில் ஏறின. மூன்றாவது மாடியில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு குக்கர், சுவரில் காலண்டர் மாட்டியிருந்த ஆணி. மகள் போனில் கேட்பாள். "எப்ப வருவீங்கப்பா?"

"ஹாரன் கொஞ்சம் திருந்தட்டும்மா."

"ஹாரன் திருந்தறதுக்குள்ள எனக்குப் பரீட்சையே முடிஞ்சிடும்."

மாலையில் மொட்டை மாடிக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்துகொள்வார். "கார்ல யார்கிட்ட வேணா தைரியமா ஸ்டியரிங்கைக் குடுப்பேன், தெரியுமா? பிரேக் என் காலுல இருக்குங்கற தைரியம். இங்க ஸ்டியரிங்கும் என்கிட்ட, பிரேக்கும் என்கிட்ட. எறங்கத்தான் முடியல." போய்விடலாமே என்று சொல்ல வாய் வரும். கீழே நான்கும் தலையை நிமிர்த்தி அவர் எந்தப் படியில் இறங்குவார் என்று பார்த்துக்கொண்டிருக்கும். வாயை மூடிக்கொள்வேன்.

அடுத்து நடந்ததை அவரே அந்த ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தார். சிஸ்டர் காலையில் கடைக்குப் போய்ப் பாலும் ரொட்டியும் வாங்கி வருவது வழக்கம். அவர் திரும்பி கேட்டில் நுழைந்தபோது பின்னாலேயே ஒரு ஸ்கூட்டர். டாப்கியர் எழுந்தது, ஹாரன் குரைத்தது, நான்கும் அவர் பக்கமாக ஓடிவந்தன. அவர் கல்லாகிவிட்டார். ஒரு கை, "வேண்டாம்" என்பது போல உள்ளங்கை விரிய உயர்ந்தது. இன்னொரு கை ரொட்டியைப் பிய்த்து, தன்னைவிட்டு எவ்வளவு தூரம் எறிய முடியுமோ அவ்வளவு தூரம் எறிந்தது. சுற்றுச்சுவர் மூலையில் யாரோ போட்டுவைத்த பழைய கோணிச்சாக்கில் போய் விழுந்தது ரொட்டி. நான்கும் அந்தப் பக்கம் ஓடின. அவர் வீட்டுக்குள் ஓடிவந்தார்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். இது வழிச்சுங்கம் மாதிரி, கட்டிவிட்டு வருகிறேன் என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டார். பிறகு ஒரு காலையில், அவர் கேட்டில் நின்று கையை உயர்த்தினார். ரொட்டி இன்னும் பையில்தான் இருந்தது. பின்னால் ஸ்கூட்டர் வந்தது. நான்கு நாய்களும் ஸ்கூட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாக்குக்குப் போய், நின்று, சாக்கைப் பார்த்தபடி உட்கார்ந்தன. அவர் முகத்தை ஒன்றுகூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

கதவைத் திறந்து உள்ளே வந்தவரிடம் பிரேக் சார் கண்ணில் வெங்காய நீரோடு கேட்டார். "சிஸ்டர், நீங்க என்ன பண்ணீங்கன்னு தெரியுமா?"

"பயந்தேன்."

"இல்ல சிஸ்டர். நான் பண்ணாததைப் பண்ணீங்க. ரொட்டி உங்க கையில இருந்து வரல. அந்த இடத்துல இருந்து வருது. யார் கையைத் தூக்கினாலும் போதும், சாக்குல ரொட்டி விழும்னு அதுங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. யாருன்னே பார்க்கல. நீங்க இதையே தினமும்..."

"நிறுத்துங்க." சிஸ்டர் பாலை அடுப்பில் வைத்தார். "பயப்படறதை ஒரு வேலையாப் பண்ணச் சொல்றீங்களா? அந்த வார்டுல நான் பார்த்ததை நீங்க பார்க்கல. ஊசிக்கு நேரம் கழிச்சு வந்த ஒருத்தர் ஒரு டம்ளர் தண்ணியைப் பார்த்துக் கத்தினது இன்னும் காதுல இருக்கு. பிரியமும் கிடையாது, பாவமும் கிடையாது எனக்கு. உங்க நாய், உங்க பாடு."

அவர் வற்புறுத்தவில்லை. மறுநாளிலிருந்து சமையலறைக்கும் போகவில்லை. டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார், வந்தார், குக்கரில் எதையோ வேகவைத்துச் சாப்பிட்டார். செயலாளர் ஒருமுறை, "எப்ப சார் காலி பண்றீங்க? வண்டிக்குச் சொல்லி வைக்கணும்" என்று விசாரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி பிரேக் சார் வீட்டுக்கு சிஸ்டர் வந்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அவர் உட்கார நாற்காலிகூட இல்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, வெறும் சுவர்களைப் பார்த்தார்.

"கடிபட்டு வர்றவங்ககிட்ட நாங்க முதல்ல என்ன கேப்போம் தெரியுமா? தெரிஞ்ச நாயா, தெரியாத நாயான்னு. தெரிஞ்ச நாய், ஊசி போட்டதுன்னு சொன்னா எங்களுக்கே மூச்சு வரும். இந்த நாலையும் வண்டியில ஏத்திட்டா அந்த இடம் சும்மா இருக்குமா? வேற நாலு வரும். அதுங்க காதுல வெட்டு இருக்குமா, ஊசி போட்டிருக்கான்னு நான் யாரைக் கேப்பேன்? நீங்க போயிடுவீங்க. நான்தானே கீழ்வீட்டுல இருக்கேன்?"

பிரேக் சார் எழுந்து நின்றுவிட்டார்.

"உட்காருங்க" என்றார் சிஸ்டர். அவர் உடனே உட்கார்ந்தார். "தொடமாட்டேன். தடவமாட்டேன். பேர் சொல்லிக் கூப்பிடமாட்டேன். வருஷத்துக்கு ஒருதடவை ஊசிக்குப் பிடிக்க ஆள் நீங்கதான் ஏற்பாடு பண்ணணும். தூக்கி எறியறதை மட்டும் நான் பார்த்துக்கறேன்."

அதன் பிறகு கேட்டில் ஒரு டப்பா தொங்கியது. உள்ளே காய்ந்த ரொட்டித் துண்டுகள். வருபவர் யாராக இருந்தாலும் சிஸ்டர் ஜன்னலில் இருந்தே கட்டளை போடுவார்: "நில்லுங்க. கையைத் தூக்குங்க. சாக்குல போடுங்க. ம், போங்க." முழங்கையில் தழும்போடு வந்த பார்சல் பையன் முதலில் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தான். ரொட்டி சாக்கில் விழாமல் நியூட்ரல் தலையில் விழுந்தது. நியூட்ரல் கண்ணைத் திறந்து, தின்று, மூடிக்கொண்டது. பையன் சிரித்துவிட்டான்.

நடுவில் ஒருநாள் டாப்கியர் எல்லாவற்றையும் மறந்து ஒரு ஸ்கூட்டர் பின்னால் கேட்டுவரை ஓடியது. செயலாளர் பால்கனியில் நின்று பார்த்துவிட்டார். அன்று முழுக்க எங்களுக்கு உயிரே இல்லை. மறுநாள் சிஸ்டர் சாக்கைக் கேட்டிலிருந்து இன்னும் தள்ளிப் போடச் சொன்னார். அதன் பிறகு ஓடவில்லை.

இந்த நாட்களில் பிரேக் சாருக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்றுதான், இல்லாமல் இருப்பது. பின்வாசல் வழியாகப் போக வேண்டும், பின்வாசல் வழியாக வர வேண்டும். கூப்பிடக் கூடாது. பார்க்கக் கூடாது. கையில் தின்பது எதுவும் இருக்கக் கூடாது. அவர் வகுத்த விதிகள்தான். ஆனால் தன் வீட்டுக்குத் திருடனைப் போல வந்து போவது எப்படி இருக்கும் என்று விதி வகுக்கும்போது தெரியவில்லை. ஹாரன் அவரைப் பின்வாசலில் கண்டுபிடித்துவிட்டால், ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்பது போல ஒரு முனகல் முனகும். அவர் கழுத்து திரும்பப் பார்க்கும்.

"தம்பி, திரும்பாதீங்க!" ஜன்னலில் இருந்து குரல் வரும்.

சங்கக் கூட்டத்தில் செயலாளர் பழைய பேச்சை எடுத்தார். "சார் போறாரு. நீங்க இருக்கற வரைக்கும்னு..."

"நான் இருக்கேன்ல" என்றார் சிஸ்டர். "என்னைக் காலி பண்ணிட்டு அப்புறம் வண்டியைக் கூப்பிடுங்க."

நாய்க்காக அவர் வாதாடுவார் என்று யாரும் எதிர்பார்க்காததால், எதிர்வாதமும் யாரிடமும் தயாராக இல்லை.

பிரேக் சார் கிளம்பிய காலையில் கட்டிலையும் குக்கரையும் ஒரு சின்ன வேனில் ஏற்றினோம். வேன் முன்வாசல் வழியாகத்தான் போக முடியும். பிரேக் சார் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அன்று பார்த்துத் தெருவில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. நான்கும் வாசலில்தான் கிடந்தன.

வேன் நகர்ந்ததும் டாப்கியர் எழுந்தது. சிஸ்டர் வாசலில் வந்து நின்று கையை உயர்த்தினார். டாப்கியர் அவர் கையைப் பார்த்தது, சாக்குக்குப் போனது. ரிவர்ஸ் பின்னாலேயே நடந்து போனது. நியூட்ரல் போனது. ஹாரன் மட்டும் பாதி வழியில் நின்று, மூக்கைத் தூக்கி வேன் பக்கம் பார்த்தது.

பிரேக் சார் கூப்பிட்டிருந்தால் வந்திருக்கும். அவருக்கும் அது தெரியும். ஒரு சொல் போதும், இத்தனை நாள் பழக்கியதெல்லாம் பாழாகும், மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். முழங்காலின் மேல் வைத்திருந்த உள்ளங்கை மட்டும், அவரைக் கேட்காமலேயே, லேசாக விரிந்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

சிஸ்டர் ரொட்டியை எறியாமல் நின்றுகொண்டிருந்தார். ஹாரன் போகும்வரை எறியமாட்டார்.

"தம்பி, கண்ணாடியை ஏத்துங்க" என்றார் அங்கிருந்தே. "வாசனை போகுது பாருங்க."

அவர் கண்ணாடியை ஏற்றினார்.